அடுப்படிச் சுவரின் கூலிக் கணக்கு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் டைல்ஸ் பதிக்கும் வேலையின் விலை

தென் தமிழ்நாட்டில் வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுப்பிப்போரும் டைல்ஸ் வேலைக்கான கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்றே கேட்டும் சொல்லியும் பழகியுள்ளனர். கூடத்துத் தரைக்கும் மாடி வராந்தாவுக்கும் ஓரளவு பொருந்தும் இந்த அளவுகோல், சமையல் மேடைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு ஓடும் அந்தச் சிறு பட்டைச் சுவருக்கு வரும்போது பொருளிழந்துவிடுகிறது. அந்த இடத்தில் பரப்பு சிறிது, வெட்டு அதிகம், ஆயத்த வேலை பெரிது. விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பாதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பகுதிகளில் கரிசல் மண்ணும் உப்புத் தண்ணீரும் மழையை நம்பிய வேளாண்மையும் இந்த வேலையின் விலையை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதையும், அந்த விலை யார் யாருக்கு எந்த அளவில் போய்ச் சேர்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அடுப்படிச் சுவருக்கு டைல்ஸ் என்பது இவ்வட்டாரத்தில் அண்மைக் கால வழக்கம். விறகடுப்பு எரிந்த காலத்தில் புகையேறிய சுவருக்கு ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடிப்பதே பராமரிப்பாக இருந்தது. பின்னர் சிமெண்ட் பூச்சின்மேல் சிவப்பு ஆக்சைடு தேய்த்து மினுக்கும் முறை வந்தது. மெருகேற்றிய வெள்ளைப் பீங்கான் டைல்ஸை இந்தியாவில் பரவலாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான ஜான்சன் 1958இல் தொடங்கப்பட்டதாயினும், அப்பொருள் நெடுங்காலம் மருத்துவமனை, உணவு விடுதி, நகரத்துப் பணக்கார வீடு ஆகியவற்றோடு நின்றிருந்தது. எரிவாயு அடுப்பும், நின்றுகொண்டு சமைக்கும் கடப்பா அல்லது கிரானைட் மேடையும் கிராமத்து வீடுகளுக்குள் நுழைந்த பிறகுதான் மேடைக்குப் பின்னால் உள்ள சுவர் தாளிப்பு எண்ணெய் தெறிக்கும் இடமாகவும், ஈரத்துணியால் துடைக்க வேண்டிய இடமாகவும் மாறியது. குஜராத்தின் மோர்பி நகரைச் சுற்றிப் பெருகிய ஆலைகள் இந்திய டைல்ஸ் உற்பத்தியின் மிகப் பெரும் பகுதியைத் தம்மிடம் குவித்துக்கொண்டு விலையைக் கீழே இறக்கியதும், 2017 நவம்பரில் டைல்ஸ் மீதான சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததும் இப்பரவலுக்குத் துணைபுரிந்தன. பொருளின் விலை இவ்வாறு தாழ்ந்தபோது, பதிக்கும் கூலி தாழவில்லை. ஆகவே மொத்தச் செலவில் கூலியின் பங்கு தானாகவே மேலேறியது.

பதிக்கத் தேவையான சிமெண்டைப் பொறுத்தவரை இவ்வட்டாரம் கொடுத்து வைத்தது எனலாம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் அமைந்த பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று ராம்கோ எனப்படும் நிறுவனத்தின் முதல் ஆலை விருதுநகரை அடுத்த ராமசாமிராஜா நகரில் உள்ளது. தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை ஒன்று ஆலங்குளத்தில் இயங்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான வரியும் 28இலிருந்து 18 விழுக்காடாகியிருக்கிறது. ஆயினும், அடுத்து வரும் கணக்கு காட்டப்போவது போல, அடுப்படிச் சுவருக்குச் செலவாகும் சிமெண்ட் ஒரு மூட்டையில் பாதிகூட இல்லை என்பதால், ஆலை அருகில் இருப்பதன் ஆதாயம் இந்த வேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்கைத் தெளிவாக்க ஒரு மாதிரி அடுப்படியை எடுத்துக்கொள்ளலாம். எல் வடிவ மேடை. ஒரு பக்கம் எட்டடி, மறுபக்கம் ஆறடி. மேடைக்கு மேல் இரண்டடி உயரம். பரப்பு 28 சதுர அடி, அதாவது 2.6 சதுர மீட்டர். கடைகளில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று வழங்கும் டைலின் உண்மையான அளவு 300க்கு 450 மில்லிமீட்டர் என்பதால், ஒன்றரைச் சதுர அடி என்று வாய்க்கணக்கில் சொல்லப்படும் ஒரு டைல் உண்மையில் 1.45 சதுர அடியே மூடும். ஆறு டைல் கொண்ட பெட்டி ஒன்பது சதுர அடிக்கு வராமல் 8.7இல் நின்றுவிடும். படுக்கைவாட்டில் இரண்டு வரிசையாகப் பதித்தால் எட்டடிச் சுவருக்கு வரிசைக்கு ஐந்து முழு டைலும், ஏழு அங்குல அகலத்தில் ஒரு வெட்டுத் துண்டும் வேண்டும். ஆறடிச் சுவரிலோ, மூலையில் முதற்சுவரின் கலவையும் டைலுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 20 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்ட பிறகு, நான்கு முழு டைல்கள் அநேகமாகச் சரியாக அமர்ந்துவிடும். ஆக மொத்தம் இருபது டைல். இவற்றுள் ஓரத் துண்டுகள் இரண்டு. மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் சுத்திகரிப்பான் ஆகியவற்றுக்கான மின்பெட்டித் துளையுள்ளவை மூன்று. தொட்டிக்கு மேலே ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீருக்கு ஒன்றும் குடிநீருக்கு ஒன்றுமாக இரண்டு குழாய் வைப்பது இப்பக்கத்து வழக்கமாதலால், வட்டத்துளை போட வேண்டியவை இரண்டு. இருபதில் ஏழு, அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல், வெட்டுப்படுகின்றன. நானூறு சதுர அடிக் கூடத்துத் தரையில் வெட்டுப்படும் டைலின் விகிதம் இதற்கு அருகில்கூட வராது.

இந்த 28 சதுர அடிக்கு வேண்டிய கலவையையும் கணக்கிடலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, சுவர் டைல்ஸுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்த 12 மில்லிமீட்டர் கனப் படுகையையும், சதுர மீட்டருக்கு 3.3 கிலோ சிமெண்ட் பாலையும் விதிக்கிறது; சிமெண்ட் பால் என்பது டைலின் முதுகில் தடவப்படும் கூழான சிமெண்ட் கரைசல். இதன்படி படுகைக்குச் சுமார் 15 கிலோ, பாலுக்குச் சுமார் 8.5 கிலோ, ஆக 23 அல்லது 24 கிலோ சிமெண்டோடு வேலை முடிகிறது. நான்கு பெட்டி டைல், அரை மூட்டை சிமெண்ட், இரண்டு மூன்று சட்டி மணல், இணைப்பு அடைக்க ஒரு பொட்டலம் வெள்ளைச் சிமெண்ட்: இவ்வளவே பொருட்செலவு.

இனிக் கூலிக்கு வரலாம். கணக்கின் வசதிக்காகக் கொத்தனாரின் நாள் சம்பளம் 1,100 ரூபாய், உதவியாளின் சம்பளம் 700 ரூபாய், ஆக ஒரு ஜோடிக்கு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தடங்கலற்ற தரையில் ஒரு ஜோடி நாளொன்றுக்கு நூறு சதுர அடி பதிக்குமானால் சதுர அடிக்கு 18 ரூபாய் விழுகிறது. அதே ஜோடி அடுப்படிச் சுவருக்கு வந்தால், காலையில் பூச்சைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, மட்டம் பார்த்து, கீழ்வரிசைக்குத் தாங்குகட்டை நிறுத்துவதற்குள் மதியமாகிவிடும். பிற்பகலில் இருபது டைலும் ஏறும். மறுநாள் காலை இணைப்பு அடைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஒன்றரை நாள் என்று கொண்டால் 2,700 ரூபாய், சதுர அடிக்கு 96 ரூபாய். ஆனால் மறுநாளின் மீதி அரை நாளை அந்த ஜோடி வேறெங்கும் விற்க முடியாது என்பதையும் சேர்த்து இரண்டு நாள் சம்பளம் கேட்டால் 3,600 ரூபாய், சதுர அடிக்கு 128 ரூபாயைத் தாண்டிவிடும். பரணை வரை நான்கடி உயரத்துக்குப் பதித்தால் பரப்பு இரட்டிப்பாகி 56 ஆகும். ஆயத்தமும் வெட்டும் அந்த விகிதத்தில் கூடாததால் வேலை இரண்டு நாளிலேயே முடிந்து, கூலி சதுர அடிக்கு 64 ரூபாயாக இறங்கிவிடும். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே நாள் சம்பளம்; சதுர அடி விலை மட்டும் 18க்கும் 128க்கும் இடையே அலைகிறது. ஊரில் வழங்கும் விலை சதுர அடிக்கு 30 ரூபாய் என்று கேள்விப்பட்ட வீட்டுக்காரர் 840 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குவதும், மேஸ்திரி மூவாயிரத்துக்குக் குறையாமல் மொத்தமாகச் சொல்வதும், இருவருக்கும் இடையே மனக்கசப்பு உண்டாவதும் இந்த அளவுகோலின் கோளாறே. பெரும்பாலும் இருவரும் நேர்மையாகவே பேசுகின்றனர்.

நெசவு ஊரான அருப்புக்கோட்டையில் இக்கோளாறு புதியதன்று. சேலைக்கு இவ்வளவு என்று நெசவாளருக்குக் கூலி பேசப்படும்போது, தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் அந்தக் கூலிக்குள்ளேயே அடங்கியதாகக் கருதப்பட்டு, வீட்டுப் பெண்களின் உழைப்பாகக் கணக்கில் ஏறாமல் போவது அவ்வூர் அறிந்த செய்தி. டைல்ஸ் வேலையிலும் சதுர அடியில் ஏறுவது பதித்த பரப்பு மட்டும். கொத்துவது, ஊறவைப்பது, சலிப்பது, கழுவுவது, குப்பை அள்ளுவது ஆகிய யாவும் அந்த அடிக்குள் புதைந்துவிடுகின்றன. புதைந்தவற்றுள் பெரும்பகுதி உதவியாளின் வேலை என்பது தற்செயலன்று.

ஆயத்த வேலையின் அளவைக் கூட்டுவதில் மண்ணுக்கும் பங்கு உண்டு. கரிசல் மண் மழையில் ஊறிப் புடைத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும் தன்மையது; கீழே சுக்கான் எனப்படும் சுண்ணாம்பு முடிச்சுப் படிந்த கெட்டித்தளம் வரை அடித்தளத்தை இறக்காத பழைய வீடுகளில் சுவர் ஆண்டுதோறும் மெல்ல அசைகிறது. அதன் விளைவாக மூலைகள் மூலைமட்டத்துக்கு நிற்பதில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவரின் மேற்பகுதி ஒரு விரற்கடை வெளியே வந்திருக்கும். மேடைக்கும் சுவருக்கும் இடையே மயிரிழை வெடிப்பு ஓடும். அத்தகைய சுவரில் 12 மில்லிமீட்டர் படுகை என்பது ஏட்டளவே. ஓரிடத்தில் எட்டும் மற்றோரிடத்தில் இருபத்தைந்துமாகக் கலவையின் கனம் மாறும். கனம் மிகும் இடத்தில் டைல் தன் எடையால் சரியுமாதலால், பள்ளத்தை முதல் நாளே பூசி இறுகவிட்டு மறுநாள் பதிப்பதே முறை. அதற்கு இன்னொரு நாள் சம்பளம் வேண்டும். வெடிப்பின் மேலேயே நேராகப் பதித்துவிட்டால் அடுத்த கோடையில் வெடிப்பு டைலின் முகத்திலேயே தெரியும். சுவரைப் பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்லும் கொத்தனாரை நம்ப வேண்டாம் என்று இப்பகுதியில் அனுபவப்பட்டோர் கூறுவதில் நியாயம் இருக்கிறது.

தண்ணீர் மற்றொரு மறைவான செலவு. மெருகேற்றிய சாதாரணச் சுவர் டைல்ஸ், தர விதிகளின்படி தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சும் வகையைச் சேர்ந்தது. ஒரு டைல் சுமார் இரண்டு கிலோ இருக்கும் என்று கொண்டால் இருபது டைல்களும் சேர்ந்து நான்கு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வல்லவை. 24 கிலோ சிமெண்டுக்குக் கலக்கப்படும் நீர் ஏறத்தாழ பன்னிரண்டு லிட்டர்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டால், ஊறவைக்காத டைல் கலவையின் ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருடிக்கொள்ளும் என்பதும், அதனால் சிமெண்ட் இறுகுவதற்கு முன்பே உலர்ந்து பொடியும் என்பதும் விளங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இத்திருட்டு இன்னும் விரைவாக நடக்கும். எனவே டைல்ஸை முந்தைய இரவே அண்டாவில் மூழ்கவைத்து, பதிக்கும் முன் எடுத்து நிறுத்தி நீர் வடியவிட வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. கட்டுமான நீருக்கான இந்தியத் தர விதி, இரும்புக்கம்பி இல்லாத கலவைக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு வரையும், சல்பேட் 400 மில்லிகிராம் வரையும் அனுமதிக்கிறது. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரிக்கும் நீர் அரிதன்று. அத்தகைய நீரால் கலந்த சுவரில் சில மாதங்களில் இணைப்புக் கோடுகள்வழியே வெள்ளையாக உப்புப் பூத்து, டைல் தட்டினால் உள்ளே காலியான சத்தம் கேட்கத் தொடங்கும். குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்த பழக்கம் தேய்ந்துபோன ஊர்களில், வேலைக்கான தண்ணீரை வண்டியில் வாங்க வேண்டியிருக்கிறது. குடங்களில் அதைச் சுமந்து வைப்பது சித்தாளின் காலைப் பொழுதைத் தின்கிறது.

பசை எனப்படும் டைல்ஸ் ஒட்டுக்கலவை இச்சிக்கலுக்கு மாற்றாக வந்திருக்கிறது. இருபது கிலோ மூட்டையாக விற்கப்படும் இப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, பல்வரிசை கொண்ட கரண்டியால் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குச் சுவரில் இழுத்தால் ஒரு மூட்டை சுமார் ஐம்பது சதுர அடி வரை வரும். டைல்ஸை ஊறவைக்கவும் வேண்டியதில்லை. நீர் உறிஞ்சும் அளவு அரை விழுக்காட்டுக்குள் அடங்கும் விட்ரிஃபைட் டைல்ஸுக்குப் பசைதான் பொருத்தம், ஏனெனில் சிமெண்ட் பால் ஊடுருவிப் பிடித்துக்கொள்ள அதன் முதுகில் நுண்துளை இல்லை. பசைகளை ஐந்து வகையாகத் தரம் பிரிக்கும் இந்தியத் தர விதி ஒன்றும் உள்ளது. வீட்டுக்காரர் பார்வையில் பசை என்பது அரை மூட்டை சிமெண்டுக்குப் பதிலாக வாங்கும் கூடுதல் செலவு. கொத்தனார் பார்வையில் அது நேரம் மிச்சம். இருவரும் பாதி சரி. மூன்று மில்லிமீட்டர் பசை சுவரின் கோணலை மறைக்காது. சுவர் மட்டமாக இருந்தால்தான் நேரம் மிச்சமாகும், கரிசல் வீட்டில் அந்த மட்டத்தை உண்டாக்கவே தனியாக ஒரு பூச்சு வேண்டும். பசையின் வருகையால் கூலி குறையும் என்ற எதிர்பார்ப்பு இப்பகுதியில் பலிக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். 1966இல் வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் நிகழ்கலைகளை முன்வைத்து விளக்கிய பொருளாதார விதி இங்கே பொருந்துகிறது: ஆலையில் ஒரு மணி நேரத்தில் உருவாகும் பொருள் பெருகிக்கொண்டே போக, கையால் செய்யும் பணியின் வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்குமாயின், பொது ஊதியம் உயர உயர அந்தக் கைப்பணியின் ஒப்பு விலை ஏறியே தீரும். மோர்பியின் உலைகள் எவ்வளவு வேகமெடுத்தாலும் அடுப்படி மூலையில் டைலை அழுத்தி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்க்கும் கையின் வேகம் மாறுவதில்லை.

அந்தக் கை யாருடையது என்பதை இனிக் காண வேண்டும். வேலையை எடுத்துப் பேசுபவர் மேஸ்திரி. பதிப்பவர் டைல்ஸ் கொத்தனார், சிறு வேலையில் இருவரும் ஒருவரே. கலவை குழைத்துக் கொடுக்கும் ஆண் உதவியாள் இப்பக்கத்தில் நிமிந்தாள் எனப்படுகிறார். மணல் சலிப்பதும் தண்ணீர் சுமப்பதும் துடைப்பதும் செய்யும் பெண் சித்தாள். சம்பளம் சனிக்கிழமை மாலையில் பட்டுவாடாவாகும். மொத்தமாகப் பேசிய வேலையில் வீட்டுக்காரருக்குத் தெரிவது ஒரே தொகை. அதில் சித்தாளுக்கு எவ்வளவு போகிறது என்பது மேஸ்திரியின் கையில் உள்ளது. ஒரே பணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியும், நிமிந்தாளுக்கும் சித்தாளுக்கும் வெவ்வேறு சம்பளம் என்பது கேள்வி கேட்கப்படாத வழக்காக நீடிக்கிறது. நாள் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் குறைந்தபட்சம் அந்த வேறுபாடு வீட்டுக்காரரின் கண்ணுக்குத் தெரியும். சதுர அடிக் குத்தகையில் அதுவும் மறைந்துபோகிறது.

ஊதியத்தின் பொது அளவை அறிய ரிசர்வ் வங்கி தொகுத்து வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேடு உதவும். கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளரின் சராசரி நாள் ஊதியம் 2022-23இல் கேரளத்தில் 850 ரூபாயைச் சுற்றியும், தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவிலும், மத்தியப் பிரதேசத்தில் 280 ரூபாய்க்குக் கீழேயும் இருந்தது. இந்த மூன்று எண்களும் அருப்புக்கோட்டையின் தொழிலாளர் சந்தையை ஒருசேர விளக்குகின்றன: கைத்திறன் பெற்ற உள்ளூர்க் கொத்தனாருக்கு மதுரையும் சென்னையும் கேரளமும் வளைகுடாவும் கூடுதல் சம்பளத்தோடு அழைப்பு விடுக்கின்றன, அதே நேரத்தில் வடமாநிலத்துத் தொழிலாளருக்குத் தமிழ்நாட்டு ஊதியம் கவர்ச்சியாக இருக்கிறது. வடக்கிருந்து வந்த குழுக்கள் பெரிய பரப்பை, அடுக்குமாடியை, மண்டபத்தை நாடுகின்றன. 28 சதுர அடிக்காகத் திருச்சுழிக்கு உள்ளே ஒரு கிராமம் வரை வர அவற்றுக்குக் காரணமில்லை. ஆகவே சிறு அடுப்படி வேலை உள்ளூரிலேயே தங்கிவிட்ட, பெரும்பாலும் வயதில் மூத்த கொத்தனார்களின் கையில் இருக்கிறது. அவர்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதும் விலையை உயர்த்துகிறது. கூலிக்கு அடிமட்டமாக நின்றது நூறு நாள் வேலையின் ஊதியம். தமிழ்நாட்டுக்கு 2025-26இல் 336 ரூபாய் என அறிவிக்கப்பட்ட அத்தொகைக்குக் குறைந்து சித்தாள் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.

பருவமும் விலையில் கலந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் மக்காச்சோளமும் பருத்தியும் உளுந்தும் குதிரைவாலியும் விதைக்கும் மானாவாரி நாட்டில், விதைப்புக்கும் களையெடுப்புக்கும் ஆள் தேவைப்படும் வாரங்களில் சித்தாள் கிடைப்பது அரிது. மாறாக ஆடியிலும் மார்கழியிலும் பால்காய்ப்பு வைப்பதில்லை என்பதால் அம்மாதங்களில் முடிப்பு வேலைக்கு அவசரம் இல்லை. ஆவணியையும் தையையும் நோக்கி நாள் குறித்த வீடுகளில்தான், வீடு முடிவதில் கடைசி வேலைகளுள் ஒன்றான அடுப்படி டைல்ஸுக்கு நெருக்கடி வருகிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் கொத்தனார் சொல்வதே விலை. மார்கழியின் முற்பாதியில் அதே கொத்தனாரை அழைத்தால் பேரம் பேச இடமிருக்கும் என்பது இவ்வூர்க்காரர் அறிந்த, ஆனால் நாள் குறித்தபின் பயன்படுத்த முடியாத அறிவு.

அரசின் கணக்குகளில் இந்த வேலை எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலை விகிதப் பட்டியல் தரைக்கும் சுவருக்கும் தனித்தனி இனங்களை வைத்திருக்கிறது. கொத்தனார், மஸ்தூர் என வகை பிரித்து நாள் ஊதியத்தையும் தருகிறது. தனியார் வேலைக்கு அப்பட்டியல் கட்டாயமில்லை என்றாலும், பேச்சுவார்த்தைக்கு ஒரு நிலைக்கல்லாகப் பயன்படக்கூடிய அதை வீட்டுக்காரர்கள் எடுத்துப் பார்ப்பதே இல்லை. ஊரக வீட்டுத் திட்டங்களைப் பொறுத்தவரை, பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டம் 25 சதுர மீட்டர் வீட்டுக்குள் சுகாதாரமான சமையல் இடமும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதோடு 90 நாள் திறன்சாரா உழைப்புக்கு ஊரக வேலைத் திட்ட ஊதியம் வழங்க வழிசெய்கிறது. தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் 2024இல் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்ற கணக்கோடு தொடங்கியது. இத்தொகைகளுக்குள் சுவர் நிற்கும், கூரை வேயப்படும். துடைத்தால் போகும் அடுப்படிச் சுவர் பெரும்பாலும் குடும்பத்தின் கைப்பணத்தில், பெண்கள் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனில், ஓரிரு ஆண்டு கழித்தே வருகிறது. சமையலிடத்தைச் சுகாதாரமாக வைக்கச் சொல்லும் திட்டத்தில் அந்தச் சுவரின் கொத்தனார் கூலிக்கு இடமில்லாதிருப்பது பெருங்குறை.

தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளருக்காக இயங்கிவருகிறது; 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டங்கள் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டை நல வரியாகப் பெற வழிவகுத்தன. எனினும் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டுக் கட்டுமானத்துக்கு அச்சட்டங்கள் பொருந்தவில்லை. இவ்வரம்பை 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அடுப்படிச் சுவர் வேலை எந்த வரம்பிலும் வராது என்பதால் அதிலிருந்து நலநிதிக்கு ஒரு காசும் போவதில்லை. ஆனால் வாரியப் பயன் பெற ஆண்டில் 90 நாள் கட்டுமான வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி, இத்தகைய சில்லறை வேலைகளை நம்பி வாழ்பவருக்கும் பொருந்துகிறது. இரண்டு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று ஓடும் கொத்தனார் அந்த 90 நாளை யாரிடம் எழுதி வாங்குவது என்பது அவருக்கு நடைமுறைத் தலைவலி.

கூலியைத் தகுதியோடு இணைக்கும் முயற்சிகள் பிற நாடுகளில் நடந்துள்ளன. ஜெர்மனி 2004இல் டைல் பதிக்கும் தொழிலைத் தொடங்க மாஸ்டர் சான்று கட்டாயம் என்ற விதியை நீக்கி, பின்னர் 2020இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம் என்றானதும் ஒருவர் மட்டுமே கொண்ட சிறு நிறுவனங்கள் பெருகி, பயிற்சியாளரை எடுத்துப் பழக்குவது அருகியது என்பதே திரும்பியதற்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இந்தியாவின் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலும் டைல்ஸ் பதிக்கும் கொத்தனார் தனிப் பணியாக வகுக்கப்பட்டிருக்கிறார். ஜார்க்கண்டில் ராணி மிஸ்திரி என்ற பெயரில் பெண்கள் கொத்தனார்களாகப் பயிற்சி பெற்று ஊரக வீடுகளையும் கழிப்பறைகளையும் கட்டினர். திருச்சுழிப் பக்கத்தில் சித்தாளாகச் சேர்ந்த பெண் இருபது ஆண்டு கழித்தும் சித்தாளாகவே இருக்கிறார். நுண்ணிய இணைப்பு அடைப்பையும் துடைப்பையும் நாள்தோறும் செய்யும் அவர், கரண்டி பிடித்தால் கூலி ஏறும் என்பதும், கொத்தனார் பஞ்சம் ஓரளவு தணியும் என்பதும் வெளிப்படை, வழக்கம்தான் தடை.

விலையில் ஏறாத செலவு ஒன்றும் உண்டு. மின்பெட்டித் துளைக்காக டைலைக் கைவெட்டு இயந்திரத்தில் காய்ந்தபடியே அறுக்கும்போது எழும் வெண்புகை சிலிக்கா கலந்த நுண்தூள். ஆண்டுக்கணக்கில் மூச்சில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் என்னும் மீளா நுரையீரல் நோயை உண்டாக்க வல்லது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கல் மேடைகளை அறுத்த தொழிலாளரிடம் இந்நோய் பரவியதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லையே தடை செய்தது. தண்ணீர் சொட்டவிட்டு அறுத்தால் தூள் பெருமளவு அடங்கும் என்பது எல்லா மேஸ்திரிக்கும் தெரியும். தெருவோரத்தில் உட்கார்ந்து, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, ஏழு டைலை அரை மணி நேரத்தில் அறுத்து முடிப்பவருக்கு வாளித் தண்ணீரும் கூடுதல் கால் மணி நேரமும் சதுர அடி விலைக்குள் கிடைப்பதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், அடுப்படிச் சுவருக்குச் சதுர அடி விலை பேசுவதைக் கைவிட்டு வேலையைக் கூறுபோட்டுப் பேசுவதே இருதரப்புக்கும் நியாயமாகும். சுவரைக் கொத்துவதற்கும் மட்டப்படுத்துவதற்கும் நாள் சம்பளம். பதிப்பதற்குச் சதுர அடி. மின்பெட்டிக்கும் குழாய்க்கும் துளை ஒன்றுக்கு இவ்வளவு. இணைப்பு அடைத்துத் துடைக்க இன்னோர் அரை நாள். இது இவ்வட்டாரத்துக்கு அந்நியமான முறையன்று. மேடைக்குப் போடும் கிரானைட்டின் விளிம்பை உருட்டி மெருகேற்றுவதற்கு ஓட்ட அடிக்கு இவ்வளவு என்றும், தொட்டிக்கும் அடுப்புக்கும் துளையிடத் துளைக்கு இவ்வளவு என்றும் தனிக் கூலி பேசுவதை எல்லோரும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். அதே மேடையிலிருந்து இரண்டடி மேலே ஏறியதும் எல்லாம் அடிக் கணக்கில் அடங்கிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமில்லை. மாதிரிக் கணக்கின்படி அவ்வாறு கூறுபோட்டுப் பேசினாலும் மொத்தத் தொகை 2,700க்கும் 3,600க்கும் இடையேதான் வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு மிச்சம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நான்காவது மின்பெட்டி வேண்டும் என்று வேலை நடுவே கேட்டால் அதற்கு என்ன விலை என்பதும், சித்தாளின் அரை நாளுக்கு யார் பொறுப்பு என்பதும் சனிக்கிழமை மாலைக்கு முன்பே இருவருக்கும் தெரிந்திருக்கும்.